அத்தியாயம் 6: உங்கள் செயலிக்கு எந்தத் தானியங்கிச் சோதனைக் கருவி?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மொபைல் செயலி எழுதுகிறவர்களுக்கான அத்தியாயம் இது. உங்கள் செயலி ஓடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கு முன்னாலும் குழுவில் ஒருவர் உட்கார்ந்து, எல்லாத் திரைகளையும் விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார். பதிப்பு கூடக் கூட நேரம் போதவில்லை. அந்த வேலையை ஒரு ஸ்கிரிப்டிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள். கருவிகளோ ஏராளம்.

கருவிகளின் பட்டியலையும் நட்சத்திர மதிப்பீட்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் செயலியில் இருக்கும் தமிழை அந்தக் கருவியால் உள்ளிடவும் சரிபார்க்கவும் முடிகிறதா, உங்கள் பயனர் கையில் இருக்கும் போனில் அது தடுமாறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டில் தோற்கும் கருவி எவ்வளவு புகழ் பெற்றதானாலும் உங்களுக்கு உதவாது.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. ஜோஹோ டெஸ்க் அங்கே உருவான மென்பொருள். அதே நிறுவனத்தின் அரட்டை செயலி 2021இல் வெளிவந்து, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று பரவியது. மூன்றே நாளில் புதிய பதிவுகள் நாளொன்றுக்கு 3,000இலிருந்து 3,50,000 ஆகிவிட்டதாக ஜோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அப்போது தெரிவித்தார். அதில் நூறில் ஒரு பங்கு கூட்டம் உங்கள் செயலிக்கு வந்தாலே, நீங்கள் பார்த்தேயிராத போன்களில் அது திறக்கப்படும். திருத்தங்களை அன்றன்றே வெளியிட வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் கருவி தேடிக்கொண்டிருக்க முடியாது. கூட்டம் இல்லாத நாளில் தேர்ந்து, பழகி வைத்திருக்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைச் செயலியை வைத்துக்கொள்வோம். கார், பிசானப் பருவங்களில் விவசாயி தன் ஊர்ப் பெயரைத் தேடி, தேதி போட்டு, முன்பணம் கட்டி நெல் அறுவடை இயந்திரத்தைப் பதிவு செய்கிறார். செயலியின் வேலை அவ்வளவுதான்.

கருவியைத் தேடும் முன்

1. செயலி எதில் எழுதப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோட்லினா, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, அல்லது வலைப்பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டியதா? பாதிக் கருவிகள் இந்த ஒரு விடையிலேயே கழிந்துவிடும்.

2. உடையவே கூடாத பயணங்களைப் பத்துக்குள் எழுதுங்கள். நம் செயலியில் உள்நுழைவு, ஊர் தேடல், தேதி தேர்வு, முன்பணம், ரத்து ஆகிய ஐந்து போதும். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைச் சோதிக்க ஸ்கிரிப்ட் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

3. பயனர்களின் போன் பட்டியலை எடுங்கள். பிளே கன்சோலில் எந்த மாடல், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எவ்வளவு ரேம் என்று தெரியும். செயலி இன்னும் வெளிவரவில்லையா? 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும் என்பது கூகுளின் விதி. அந்த 12 பேரைக் கல்லூரி நண்பர்களாகவே பிடிக்காமல், சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் உண்மையில் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களாகப் பாருங்கள். அவர்கள் போன்களே உங்கள் முதல் பட்டியல்.

யாருக்கு எது பொருந்தும்

கோட்லின் அல்லது ஜாவாவில் எழுதிய, ஆண்ட்ராய்டுக்கு மட்டுமான செயலி என்றால் முதலில் எஸ்பிரெஸோவைப் பாருங்கள். கூகுள் 2013இல் வெளியிட்டது. செயலிக்குள்ளேயே ஓடுவதால், திரை அமைதியாகும்வரை தானே காத்திருந்து அடுத்த அடியை வைக்கும். காரணமில்லாத தோல்வி குறைவு. ஆனால் செயலியை விட்டு வெளியே வராது. இருப்பிட அனுமதி கேட்டு வரும் பெட்டியையோ வாட்ஸ்அப்பில் பகிரும் திரையையோ தொட வேண்டுமானால் யூஐ ஆட்டோமேட்டரையும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃப்ளட்டர்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃப்ளட்டர் தன் திரையைத் தானே வரைந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அணுகல் விவரங்கள் மட்டுமே தெரியும். அவற்றை நீங்கள் எழுதவில்லை என்றால் பட்டன் எங்கே என்றே அதற்குத் தெரியாமல் போகலாம். ஃப்ளட்டரோடு வரும் ஒருங்கிணைப்புச் சோதனைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அனுமதிப் பெட்டி போன்ற வெளித் திரைகளுக்கு பேட்ரோல் கைகொடுக்கும்.

ரியாக்ட் நேட்டிவ் என்றால் விக்ஸ் நிறுவனம் உருவாக்கிய டீடாக்ஸ். எஸ்பிரெஸோ போலவே செயலி ஓயும்வரை காத்திருக்கும். ஐபோனில் சிமுலேட்டரோடு நின்றுவிடும் என்பதை மனதில் வையுங்கள்.

ஒரே ஸ்கிரிப்ட் மொழியில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும், நிஜப் போன்களில், சோதிக்க வேண்டும் என்றால் ஆப்பியம். 2011இல் டான் கியூலர் ஐபோனுக்காக எழுதத் தொடங்கிய கருவியிலிருந்து வளர்ந்தது. இப்போது ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று தெரிந்த மொழியில் எழுதலாம். வேலைக்குப் போக நினைக்கிற மாணவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. குறை, அமைப்பதற்குப் பிடிக்கும் நேரமும் ஓடும்போது இருக்கும் மந்தமும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய காணொளியைப் பார்த்து நிறுவுகிறவர்கள் திணறுவது இங்கேதான்.

நிரல் எழுதாதவர் ஒருவர்தான் சோதனையைப் பார்க்கப் போகிறார் என்றால் மேஸ்ட்ரோ. யாமல் கோப்பில் 'இதைத் தட்டு, இது தெரிகிறதா பார்' என்று வரிவரியாக எழுதினால் போதும். ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். சிறு குழுவுக்கு நான் முதலில் கையில் கொடுக்க விரும்புவது இதைத்தான், ஆனால் அடுத்த பகுதியில் சொல்லும் தமிழ்ச் சோதனையில் தேறினால் மட்டும்.

ஐபோனுக்கு மட்டும் எழுதுகிறவர் ஆப்பிளின் எக்ஸ்சியூஐடெஸ்டை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியானாலும் ஐபோன் செயலியைக் கட்டவும் சொந்த இடத்தில் சோதிக்கவும் மேக் கணினி வேண்டும். அந்தச் செலவை மறந்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள்.

தமிழில் தேறுகிறதா?

கருவிகளின் ஆவணங்கள் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் இருக்கும் எடுத்துக்காட்டு ஒழுங்காக ஓடியது என்பதால் உங்கள் செயலியிலும் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். கீழே உள்ள ஐந்தையும் ஒவ்வொரு கருவியிலும் செய்து பாருங்கள்.

1. தேடல் பெட்டியில் 'கோபாலசமுத்திரம்' என்று ஸ்கிரிப்ட் வழியாக உள்ளிடுங்கள். ஆண்ட்ராய்டின் ஏடிபி தரும் சாதாரண உள்ளீட்டுக் கட்டளை தமிழை ஏற்காது; அதை மட்டும் நம்பியிருக்கும் கருவி இங்கேயே நின்றுவிடும். எஸ்பிரெஸோவில் விசை விசையாகத் தட்டும் கட்டளை தமிழுக்குப் பிழை காட்டும். முழுச் சொல்லையும் ஒரேயடியாக மாற்றி வைக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். மேஸ்ட்ரோவில் ஆண்ட்ராய்டுக்கு ஆங்கிலமல்லாத எழுத்துகளை உள்ளிட முடியாத குறை நெடுநாளாகப் பேசப்பட்டது. உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் நீங்களே போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளைச் சோதியுங்கள். கொங்கராயகுறிச்சியின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஸ்கிரிப்டில் ஒரு வகையும் தரவுத்தளத்தில் மறுவகையும் இருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் திரையில் சோதனை தோற்கும். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

3. 'ஸ்ரீவைகுண்டம்' என்று தேடுங்கள். இது இன்னும் கடினம். ஸ்ரீ என்ற வடிவத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம்; 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். முந்தையதைப் போல என்எஃப்சி இதைச் சேர்த்துவைக்காது. விவசாயியின் விசைப்பலகை எதைத் தருமோ தெரியாது. ஆகவே இரண்டு வகையிலும் தேடும் இரண்டு ஸ்கிரிப்டுகள் வேண்டும், செயலியின் தேடலும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரையில் இவ்வளவு பெரிய ஊர் தேடலில் அகப்படாமல் போனால், அங்கிருக்கும் ஒருவர் 'நம்ம ஊருக்கு இந்த ஆப் இல்லை போல' என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார். புகார்கூட வராது.

4. கௌசல்யா, கெளசல்யா. முதலில் உள்ளது ஔகாரக் குறி. இரண்டாவதில் உள்ளது ளகர எழுத்து. பெயர்ப் புலத்தில் இரண்டும் வரும். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லித் தேடும் திரை உங்களிடம் இருந்தால் இதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

5. ஸ்கிரீன்ஷாட்டை ஒப்பிடும் வசதி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கருவிகள் திரையில் தெரியும் உருவத்தைப் பார்ப்பதில்லை; அடியில் இருக்கும் எழுத்துச் சரத்தைத்தான் படிக்கின்றன. 'முன்பதிவை உறுதிசெய்க' என்ற பட்டனில் உகரச் சுழி கீழே வெட்டுப்பட்டிருக்கும், அல்லது பாதிச் சொல் காணாமல் போயிருக்கும். சோதனை பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முக்கியத் திரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து முந்தைய பதிப்போடு ஒப்பிட வேண்டும். போனின் எழுத்தளவைப் பெரிதாக்கியும் ஒருமுறை எடுங்கள். ஆண்ட்ராய்டு 14இலிருந்து எழுத்தை 200 சதவீதம்வரை பெரிதாக்கலாம். வயதானவர்கள் பெரிதாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதிகம் நடக்கும் தவறு

பட்டனை அதன் மேல் இருக்கும் தமிழ்ச் சொல்லால் கண்டுபிடிப்பது. இன்று 'சேமி' என்றிருப்பதை நாளை 'சேமிக்க' என்று மாற்றினால் பத்து ஸ்கிரிப்டுகள் ஒரே நேரத்தில் விழும். ஆங்கிலத் திரைக்குப் போனாலும் விழும். ஒவ்வொரு பட்டனுக்கும் புலத்துக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்றை நிரலிலேயே கொடுத்துவிடுங்கள். ரியாக்ட் நேட்டிவில் இதற்கு டெஸ்ட்ஐடி. ஃப்ளட்டரில் செமான்டிக்ஸில் ஐடென்டிஃபையர் என்ற புலம், இது 3.19 பதிப்பிலிருந்து உண்டு. கம்போஸில் டெஸ்ட்டேக். சொல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதைத் தனிச் சோதனையாக வையுங்கள்.

அடையாளக் குறி கொடுக்கும் அதே வேளையில், திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக் படிப்பதற்கான தமிழ் விளக்கத்தையும் எழுதிவிடுங்கள். கூடுதல் வேலை கொஞ்சம்தான். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது; அங்கே படித்து வெளிவருகிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நம் செயலி திறக்க வேண்டும்.

ஒரு வாரத் தேர்வு

1. இரண்டு கருவிகளை மட்டும் எடுங்கள். மூன்றாவது வேண்டாம், எதையும் முழுதாகப் பார்க்க முடியாமல் போகும்.

2. முதல் நாள் நிறுவுங்கள். ஒரு நாளுக்குள் முதல் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றால் அதையும் ஒரு மதிப்பெண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கருவியோடு வரும் ஆய்வுத் திரையில் உங்கள் செயலியைத் திறந்து, பட்டன்களும் அடையாளக் குறிகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் எழுதுவது இதற்குப் பிறகுதான்.

4. ஒரே மூன்று பயணங்களை இரண்டு கருவியிலும் எழுதுங்கள்: உள்நுழைவு, தமிழில் ஊர் தேடல், முன்பணம்.

5. இடையில் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் மின்சாரமும் சிக்னலும் போயின. வெள்ளம் இல்லாத நாளிலும் மலையடிவாரத்தில் சிக்னல் வந்து வந்து போகும். 'உறுதிசெய்க' என்று தட்டிய கணத்தில் இணைப்பு அறுந்து, திரும்பி வந்ததும் மறுபடி தட்டினால் முன்பணம் இரண்டு முறை போகிறதா? ஆப்பியத்திலும் மேஸ்ட்ரோவிலும் ஆண்ட்ராய்டின் இணைப்பை ஸ்கிரிப்டிலிருந்தே நிறுத்தி இயக்கலாம். இந்த வசதி இல்லாத கருவியை நான் நம் வட்டாரச் செயலிக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

6. நிரலில் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் 20 முறை ஓடவிடுங்கள். ஒருமுறை தேறி ஒருமுறை தோற்றால் காரணத்தைத் தேடுங்கள். 'ஐந்து நொடி பொறு' என்று எழுதி மூடிமறைக்காதீர்கள். திரையில் குறிப்பிட்ட ஒன்று வரும்வரை காத்திருக்கும்படி எழுதுங்கள். அப்படியும் தடுமாறினால் அந்தக் கருவியைக் கழித்துவிடுங்கள். நம்ப முடியாத சோதனையின் சிவப்பு விளக்கை யாரும் ஒரு மாதத்துக்கு மேல் மதிக்க மாட்டார்கள்.

7. ஸ்கிரிப்டை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, சின்ன மாற்றம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். சிறு குழுவில் ஒருவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவது வழக்கம். அவர் போன பிறகும் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்.

போன் விஷயத்தில் சில குறிப்புகள்

எமுலேட்டரில் எழுதுங்கள், நிஜப் போனில் முடிவு செய்யுங்கள். பட்டியலில் முதலில் வரும் மாடலில் ஒன்று, ரேம் குறைந்த பழைய போன் ஒன்று, ஆக இரண்டு போதும். பழைய போனை நம்பகமான செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கலாம்.

ரெட்மி போன்களில் யூஎஸ்பி டிபக்கிங் மட்டும் போதாது. டெவலப்பர் அமைப்புகளில் பாதுகாப்பு அமைப்புகளுக்கான யூஎஸ்பி டிபக்கிங் என்று தனியாக ஒன்று இருக்கும். அதைத் திறக்காவிட்டால் ஸ்கிரிப்டின் தட்டல் திரையில் விழாது. அதற்கு ஷாவ்மி கணக்கும், பல மாடல்களில் சிம் அட்டையும் கேட்கும். ஒப்போ, ரியல்மி போன்களில் அனுமதிக் கண்காணிப்பை நிறுத்தும் விசையைத் தேடுங்கள். கருவியில் பழுது என்று நினைத்து இரண்டு நாள் போவது பெரும்பாலும் இந்த விசைகளால்தான்.

பாதுகாப்பு

சொந்தப் போனைச் சோதனைப் போனாக்காதீர்கள். வங்கிச் செயலியும் யூபிஐயும் இருக்கும் போனில் டிபக்கிங்கைத் திறந்து வைப்பது ஆபத்து. வைஃபை வழி ஏடிபியை விடுதியிலோ பொது நெட்வொர்க்கிலோ திறக்காதீர்கள். 2018இல் ஏடிபி மைனர் என்ற தீநிரல் திறந்து கிடந்த 5555 போர்ட் வழியாகத்தான் சாதனம் விட்டுச் சாதனம் பரவியது. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பணம் கட்டும் திரையைச் சோதனைப் பயன்முறையில் மட்டும் ஓடவிடுங்கள். ரேஸர்பே போன்ற சேவைகள் அதற்கென்று தனிச் சாவி தருகின்றன. சாவியையும் கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஓடிபி குறுஞ்செய்தி ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்மையான எண்ணுக்குப் போகாதபடி, சோதனைக்கென்று நிலையான எண்ணும் குறியும் வையுங்கள்.

உண்மையான விவசாயியின் பெயர், கைபேசி எண், ஆதார் எதுவும் சோதனைத் தரவில் இருக்கக் கூடாது. போன்களை வாடகைக்குத் தரும் மேகச் சேவைகள் பல ஒவ்வொரு ஓட்டத்தையும் காணொளியாகப் பதிந்துவைக்கின்றன. அந்தக் காணொளி யார் கணினியில் இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் அது.

இரவு முழுக்கச் சார்ஜில் மாட்டி ஸ்கிரிப்ட் ஓடும் போனின் பேட்டரி சூடேறி வீங்கக்கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மூடிய அறையில், இன்னும் விரைவாக. போனின் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், காகிதமும் துணியும் இல்லாத தரையில் வையுங்கள். வாரம் ஒருமுறை பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல், உடனே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செலவு

மேலே சொன்ன கருவிகளின் அடிப்படை எல்லாம் இலவசம். காசு போவது போன்களை வாடகைக்கு எடுக்கும் சேவைகளுக்கு. ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 5 நிஜப் போன் ஓட்டங்களும் 10 எமுலேட்டர் ஓட்டங்களும் தருகிறது. ஆரம்பத்துக்கு அது போதும். பிளே கன்சோலில் சோதனைப் பதிப்பை ஏற்றினால், வெளியீட்டுக்கு முந்தைய அறிக்கை ஒன்றைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. அதைப் படிக்காமல் விடாதீர்கள். மும்பையில் 2011இல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் போன்ற கட்டணச் சேவைகளுக்குப் போவது, உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மாடலில் மட்டும் செயலி விழுகிறது என்று தெரிந்த பிறகு போதும். மாதச் சந்தாவாக எடுங்கள், ஆண்டுச் சந்தா வேண்டாம்.

முடிவு செய்த பிறகு

1. தேர்ந்த கருவியின் பெயர், பதிப்பு எண், எதனால் தேர்ந்தீர்கள், மற்றதை எதனால் விட்டீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி நிரலோடு சேர்த்து வையுங்கள்.

2. முதல் மாதம் ஐந்து ஸ்கிரிப்டுகளுக்கு மேல் எழுதாதீர்கள். ஐந்தும் ஒவ்வொரு நாளும் ஓடட்டும்.

3. பயனர் ஒருவர் புகார் சொன்னால், பழுதைத் திருத்தும் முன் அந்தப் புகாரைப் பிடிக்கும் ஸ்கிரிப்டை எழுதுங்கள். அது தோற்பதைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். பிறகு தேறுவதைப் பாருங்கள். ஆறாவது ஸ்கிரிப்ட் இப்படித்தான் வர வேண்டும்.

4. கருவியின் பெரிய பதிப்பு மாறும்போது, அறுவடைக் காலத்தில் தாவாதீர்கள். பிசானம் முடிந்து இயந்திரங்கள் ஷெட்டுக்குப் போன பிறகு, தனிக் கிளையில் மாற்றி, மேலே உள்ள ஐந்து தமிழ்ச் சோதனைகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.